வழுக்குமரத்தில் லேப் எண்ணெய்

வாழவந்தி நாடு என்கிற மலைப்பகுதியில் மரம் ஏறத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் நெல்லிப்பாறைப்பட்டியில் அதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் தனக்கு ஏறத் தெரியாது என்று ஊர் முடிவு கட்டிவிடுமே என்கிற பயம். மாசிப் பனியில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுவில் பெருவிரலை ஊன்றி, கொடியின் நுனிவரை போய் மிளகுச் சரம் பறிக்கிற ஜனங்கள். பலாமரத்து உச்சியிலிருந்து அரை ஆள் கனமுள்ள பழத்தைக் கயிறு கட்டி, கீழே மேய்கிற ஆட்டுக்குட்டி மிரளாதபடி இறக்கத் தெரிந்தவர்கள்.

அப்படிப்பட்ட ஊர், வைகாசி நோம்பித் திருவிழாவன்று உச்சிப்பொழுதில், மாரியம்மன் கோயில் முன்னால் நட்டிருந்த ஒரு மொட்டை மரத்தைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வழுக்குமரம்தான். காட்டில் மிளகுக்கொடி ஏற்ற நட்ட சில்வர் ஓக்கில் நல்ல நெட்டையாக ஒன்றை வெட்டி, பட்டை உரித்து, இழைத்து, எண்ணெய் பூசி நட்டிருந்தார்கள். உச்சியில் மஞ்சள் துணி மூட்டை. அதில் அம்மனுக்கான சேலையும் தேங்காயும் இருக்கும். மூட்டை இறங்கி அம்மன் காலடிக்குப் போனால்தான் ஊரார் கையில் கட்டிய காப்பை அறுப்பார்கள். காப்பு கையில் இருக்கிறவரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கல்யாணம் காட்சி எதுவும் கூடாது. எந்த வருஷமும் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பொங்கல் பானை இறங்குவதற்குள் எவனாவது ஒருவன் ஏறி மூட்டையை இறக்கிவிடுவான்.

இந்த வருஷம் பொங்கல் இறங்கி, ஆறி, பிள்ளைகள் அதை வழித்துத் தின்றும் முடித்துவிட்டார்கள். ஒருவனும் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டவில்லை.

இந்தக் கூத்தைப் பார்க்க நேரமில்லாமல் வீட்டுக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் கோகிலவாணி. மறுநாள் காலையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே மலையில் குண்டூர் நாட்டிலிருக்கிற தாய்மாமன் மகன் பூபதி. கல்யாணம் அங்கே, மாப்பிள்ளை வீட்டில். சாயங்காலம் பெண்ணழைக்க வண்டி வந்துவிடும். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து நோம்பி தள்ளிப்போனதால்தான் இரண்டும் இப்படி முட்டிக்கொண்டு நின்றன. “காலையில மரம் ஏறுனா மத்தியானம் காப்பு அறுத்துரலாம், பொழுதோட பொண்ணை அனுப்பிரலாம்” என்று ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி சுலபமாகச் சொல்லிவிட்டார்.

கோகிலா செம்மேட்டில், மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். மிளகில் எத்தனை ஈரம், எத்தனை எண்ணெய் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு எதிலும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அடுப்படியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கும் மல்லிப்பொடி டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். அம்மா பொன்னாயி, “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மூக்கு இருக்குது” என்று அந்தச் சீட்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

“ஏங் கண்ணு, இன்னும் யாரும் ஏறலையாமா” என்று பொன்னாயி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். “செல்வமே விழுந்துட்டானாம். மூணு தடவை.”

“செல்வண்ணனா?”

கோகிலா நிமிர்ந்தாள். செல்வம் அந்த ஊரின் முதல் ஏற்றக்காரன். அவன் ஏறி விழுந்தான் என்றால் கோயில் மணி தானாக அடித்தது என்பதுபோல. மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

கோயில் முன்னால் தவில்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்து, பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள். மரத்தைச் சுற்றித் தரை சேறாகிக் கிடந்தது. ஏறுகிறவர்கள் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவது முறைப்பெண்களின் உரிமை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ருக்குமணி, கோகிலாவின் அத்தை மகள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குடத்தோடு நின்றாள். இளவட்டங்கள் எல்லாம் முழங்காலும் முழங்கையும் பளபளக்க உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வம் நாலாவது தடவை மரத்தைக் கட்டிப்பிடித்தான். ருக்குமணி குடத்தைச் சாய்த்தாள். அவன் ஏறினான், அல்லது ஏறுவதாக நினைத்தான். பார்க்கிறவர்களுக்கு அவன் ஒரே இடத்தில் நின்று நீந்துவது மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, மரியாதையாக, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தான்.

“இறங்கறதுக்கு மட்டும் நல்லாத்தான் இருக்குது” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. அவள் கண் மரத்தின் மேல் இருந்தது. ஊற்றிய தண்ணீர் மரத்தில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த வாழை இலைத் துண்டை எடுத்து மரத்தில் ஒரு இழுப்பு இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள். விளக்கெண்ணெய் என்றால் ஒரு கமறல் வரவேண்டும். ஒரு வாசமும் இல்லை. இலையை மடித்துத் தேய்த்தாள். அது கைக்குள் நில்லாமல் நழுவி ஓடியது.

தினமும் பழகிய பொருள் ஆயிற்றே, தெரியாமல் இருக்குமா?

“அப்பா!” என்று கூப்பிட்டாள். “மரத்துக்கு என்ன எண்ணெய்ங்கப்பா பூசுனீங்க?”

இந்த வருஷம் மரத்துக்கு எண்ணெய் கொடுக்கிற முறை அவர்கள் வீட்டுக்கு. அப்பாசாமிக்கு அதில் ரொம்பப் பெருமை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“நயம் எண்ணெய் கண்ணு. கமறலே இல்ல. நீ லேப்புல மறந்து வெச்சுட்டு வந்தியே, நம்ம ஊட்டு வெளக்கெண்ணெய் டின்னு, அதான். உங்க மேடத்துக்குப் பத்திரிகை வெக்கப் போனப்ப எடுத்தாந்தேன்.”

“மேடத்தைக் கேட்டீங்களா?”

“நம்ம ஊட்டு டின்னை எடுக்க யாரைக் கேக்கோணும்? அடியில உங்கம்மா பேருக்கு நான் ஆணியில கீறுன ‘பொ’ இருக்குது. ஒடுக்கு இருக்குது. அந்தம்மா காப்பி கலக்க உள்ளே போயிருந்தாங்க. நான் டின்னைத் தூக்கித் திண்டு மேல வெச்சுட்டு, காப்பியக் குடிச்சுட்டு, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

அந்த ஊரில் விருந்துக்கும் விசேஷத்துக்கும் பாத்திரங்கள் வீடு மாறிப் போகும். அதனால் ஒவ்வொரு வீட்டுப் பாத்திரத்திலும் அந்த வீட்டுக்காரியின் எழுத்து கீறியிருக்கும். தன் எழுத்துள்ள பாத்திரத்தை எங்கே கண்டாலும் தூக்கிக்கொண்டு வரலாம். கேட்கத் தேவையில்லை. கேட்டால்தான் அசிங்கம். அப்பா மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

குற்றம் அவள் மேல்தான். ஆய்வுக்கூடத்தில் மிளகெண்ணெய் வடிக்கும் குடுவையை நேரே தீயில் வைக்க மாட்டார்கள். சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய சட்டிக்குள் அமிழ்த்தி வைத்துச் சீராகச் சூடேற்றுவார்கள். பழசாகித் தடித்துப்போன அந்த எண்ணெயைப் போன வாரம் மாற்றினாள். கழிவு ஊற்றும் கேன் சேலத்திலிருந்து வந்து சேரவில்லை. கல்யாண அவசரம் வேறு. வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் தீர்ந்த காலி டின் ஒன்றைக் கொண்டுபோய், கழுவி, ஈரம் போகக் காயவைத்து, அதில் ஊற்றினாள். சமையல் சாமான் வைக்கும் பாத்திரத்தில் ஆய்வுக்கூடப் பொருளை ஊற்றவே கூடாது என்பது அங்கே சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தெரிந்தேதான் செய்தாள். ‘கழிவு’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் போதாதா என்று ஒரு நினைப்பு. சீட்டு ஒட்டவில்லை. எண்ணெய் பட்ட கையுறையால் டின்னைத் தொட்டிருந்தாள். சிலிக்கோன் எண்ணெய் பட்ட இடத்தில் பசை நிற்குமா? வழுக்கிக்கொண்டு விழுந்தது. அப்புறம் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்று மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு லீவில் வந்துவிட்டாள். வீட்டு அடுப்படியில் சீட்டு ஒட்டுகிறவள் ஆய்வுக்கூடத்தில் கோட்டைவிட்டாள்.

“இதைச் சமையலுக்கு எடுத்தீங்களாம்மா?” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற பொன்னாயியிடம்.

“வெளக்கெண்ணெயில எவடி சமைப்பா?”

அந்த ஒரு பதிலில் கோகிலாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“வெசமா சாமி?” என்று கேட்டார் அர்த்தனாரி. பெரிய மீசைக்காரர், ஆனால் பயந்த சுபாவம்.

“வெசமில்லீங்க. மேலுல பட்டா ஒண்ணும் பண்ணாது. கண்ணுல மட்டும் படக்கூடாதுங்க. யாரும் அந்தக் கையோட கண்ணைத் தேய்க்காதீங்க. சோப்புப் போட்டு நல்லாக் கழுவாம சோத்துல கை வெக்காதீங்க. ஆனா இது லேசுல போற எண்ணெய் இல்லீங்க. காயாது. தண்ணி ஊத்துனா போகாது, இன்னும் வழுக்கும்.”

செல்வம் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். “பாப்பா, டின்னுல மிச்சமிருந்ததை நான் தலைக்குத் தேச்சுக்கிட்டேன். வாசமில்லாம நல்லா இருந்துச்சு.”

கூட்டம் அவன் தலையைப் பார்த்தது. கண்ணாடி மாதிரி மின்னியது.

“அது ஒண்ணும் பண்ணாதுண்ணா. கண்ணுல வழியாமப் பாத்துக்க. ஒரு பத்து நாளைக்குச் சீப்பு நிக்காது.”

“கல்யாணத்துக்கு நான்தானே மாப்பிள்ளைத் தோழன்!” என்று அவன் அலற, மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது. மரம் ஏற முடியாது. மூட்டை இறங்காது. காப்பு அறுபடாது. பெண் எல்லையைத் தாண்ட முடியாது.

பொன்னாயி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “என் கையாலேயே என் புள்ளை கல்யாணத்துல எண்ணெய ஊத்திட்டனே” என்று புலம்பினார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் அரப்பைக் குழைத்து அப்பலாம் என்றான். எந்த எண்ணெய்க்கும் அந்த ஊரில் அரப்பு இலைப்பொடிதான் மருந்து; ஆனால் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. ஒருவன் பலாப்பால் கொண்டுவந்தான். பலாப்பால் கையில் ஒட்டினால் அதை எடுக்கத்தான் எண்ணெய் தேவைப்படும், அத்தனை பிடி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடவிக்கொண்டு ஏறினான். பலாப்பாலும் தோற்றுப்போய்க் கீழே வந்தது. கடைசியில் செல்வம், “பந்தத்தைக் கொளுத்தி மரத்தைச் சுத்தி வாட்டுனா எண்ணெய் எரிஞ்சு போயிராதா?” என்று கேட்டுக்கொண்டே பந்தத்தைக் கையில் எடுத்துவிட்டான்.

“அண்ணா, கீழே வை!” கோகிலா போட்ட கூச்சலில் தவில்காரர் வாயிலிருந்த சுளை விழுந்தது. “சூடேறுனா மூச்சையும் கண்ணையும் எரிக்கிற பொகை வரும். மரத்துல சொட்டிக்கிட்டிருக்கிறதும் தீப்புடிச்சா அணையாது. உன் தலையிலயும் அதேதான் இருக்குது, தெரியுமா?”

செல்வம் பந்தத்தை விட்டெறிந்துவிட்டு மூன்று பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“துடைச்சிரலாமே?” என்றாள் பொன்னாயி அழுகையோடு.

அர்த்தனாரி தலையை ஆட்டினார். “நட்ட மரத்தைக் கீழ நின்னு துடைச்சா நோம்பி செல்லாதுங்க. ஏணி வெக்கக் கூடாது. ஏறுறவன் மேலு பட்டுத்தான் எண்ணெய் போகோணும். நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்காக அதை மாத்துனோம்னு நாளைக்கு நாலு பேரு பேசக் கூடாது பாருங்க.”

கோகிலா செருப்பைக்கூடத் தேடாமல் நெல்லிப்பாறைக்கு ஏறினாள். ஊரில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் மைதிலி மாயவரத்துக்காரர். மலைக்கு வந்த புதிதில் அட்டைப்பூச்சியைப் பார்த்து அழுதவர். வேலையில் மட்டும் ஒரு துளி விட்டுக்கொடுக்க மாட்டார்.

“மேடம், ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க” என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டினாள்.

“எண்ணெய் டின்லயா ஊத்தின?”

“ஆமாங்க.”

“கல்யாணம் முடிஞ்சு வா, உன்னை வச்சுக்கறேன். நானும் அவரு கையில டின்னைப் பாத்தேன், என்னன்னு கேக்கல, எனக்கும் வேணும். யாராவது குடிச்சாங்களா? கண்ணுல பட்டுதா?”

“இல்லீங்க. ஒருத்தர் தலைக்குத் தேச்சுக்கிட்டாருங்க.”

“கடவுளே. சரி, இப்ப அழாம கேளு. லேப்ல தரையில கொட்டினா நாம என்ன பண்ணுவோம்?”

“தண்ணி ஊத்த மாட்டோம்ங்க. காஞ்ச மணலு, மரத்தூளு போட்டு உறிஞ்ச வெப்போம். கூட்டி எடுத்து, மறுபடி போடுவோம். கடைசியாத்தான் சோப்பு.”

“அப்ப உனக்கே தெரியுதே! அதையே பண்ணு. ஈரமில்லாத எந்தத் தூளும் சரிதான். ஆளு வழுக்கி விழாம முதல்ல தரைய கவனி. கூட்டி எடுக்கறதை மூட்டை கட்டி என்கிட்ட அனுப்பிடு, ஓடையில கொட்டிராதே. மேகம் எப்படி இருக்கு அங்க?”

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். அரியூர்ச் சோலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வைகாசி மழைக்கு மலையில் நேரம் காலம் கிடையாது. கீழே இறங்கும்போது ஈரமில்லாத தூளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். மண் எல்லாம் நேற்றைய மழையில் நனைந்து கிடக்கிறது. மரத்தூள் வேண்டுமானால் செம்மேட்டுக்குத்தான் போகவேண்டும். வீட்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கல்யாணச் சோற்றுக்குப் பெண் வீட்டுச் சீராகச் சாமை குத்தி அனுப்பியது ஊரே கூடித்தானே? பந்தலுக்குள் உமி மூட்டைகள் மழைபடாமல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“கவுண்டரய்யா,” என்று ஓடினாள், “ஏறுறவங்க மடியில மண்ணு கட்டிக்கிட்டுப் போலாமுங்களா?”

“போலாமே. எங்கப்பன் காலத்துலயே அப்படித்தான் ஏறுனாங்க.”

“மண்ணுக்குப் பதிலா சாமை உமி?”

அர்த்தனாரி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஊர் மொத்தமும் அவர் மீசையையே பார்த்தது. “உமியும் மண்ணுல வெளஞ்சதுதானே” என்றார் கடைசியில். “போலாம்.”

அடுத்த மலை ருக்குமணி. தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்க மாட்டேன் என்றாள்.

“வருசத்துல ஒரு நாளு மச்சானுங்களை நனைக்கறோம். அதையும் உன் லேப்பு எண்ணெய்க்காக உட்டுத்தரோணுமா?”

“ருக்கக்கா, தண்ணி ஊத்துனா அவங்களுக்குக் குளிச்ச மாதிரி சொகமாத்தான் இருக்கும். உமியக் கொட்டிப் பாரு. ஒரு வாரத்துக்கு அரிக்கும்.”

ருக்குமணியின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. குடத்தைத் தூக்கித் தூர வைத்துவிட்டு, “ஏய், மொறத்தை எடுங்கடி!” என்றாள்.

அப்புறம் அந்தக் கோயில் வாசல் ஆய்வுக்கூடமாகிவிட்டது. கோகிலா முதலில் சேற்றின் மேல் உமியைக் கனமாகப் பரப்பச் சொன்னாள். அதன் மேல் சாக்கு. சாக்கைச் சுற்றி, விழுந்தால் அடிபடாமல் சாமைத்தாள் போர். பிள்ளைகள் உள்ளே வராமல் மாட்டுக்கயிற்றால் ஒரு வளையம். பொங்கல் அடுப்பை எல்லாம் கோயிலுக்குப் பின்புறம் தள்ளவைத்தாள். பொன்னாயி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து மகள் போடும் உத்தரவுகளைப் பார்த்தாள். “இவ அங்கேயும் இப்படித்தான் வெரட்டுவாளா?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். குரலில் இருந்தது குறையல்ல, பெருமை.

இளவட்டங்கள் மடியில் உமியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் ஆள் மரத்தைக் கட்டிப்பிடித்தான். முறைப்பெண்கள் உமியை வீசினார்கள். மரத்திலும் ஆளிலும் உமி அப்பிக்கொண்டது. அவன் மார்பால் தேய்த்துக்கொண்டே கீழே வந்தான். வந்தவன் மேலிருந்து எண்ணெய் ஊறிய உமியைத் துணியால் வழித்து, கோகிலா காட்டிய மூட்டையில் போட்டார்கள். அடுத்த ஆள். அடுத்த வீச்சு. தவில்காரருக்கும் தெம்பு வந்து தாளத்தைத் தூக்கினார். உமி பறந்து பறந்து யார் யாரென்று தெரியவில்லை. எல்லாரும் மாவில் புரண்ட பூதங்கள் மாதிரி திரிந்தார்கள். அர்த்தனாரியின் மீசை வெளுத்துவிட்டது.

“கண்ணைத் தேய்க்காதீங்க!” என்று கோகிலா கத்திக்கொண்டே இருந்தாள். “தும்மல் வந்தா அந்தப்பக்கம் திரும்பித் தும்முங்க!”

ஓர் ஆள் உயரம் தாண்டியது. இரண்டாள் உயரம் தாண்டியது. ஊரே ஓவென்று கத்தியது. அதற்கு மேலே உமி வீச்சு எட்டவில்லை. கீழே தோள் கொடுத்து ஆள்மேல் ஆளாக நின்றால்தான் உண்டு. அப்பாசாமி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வளையத்துக்குள் வந்தார்.

“அப்பா, வேண்டாமுங்க. உங்களுக்கு முட்டி வலி.”

“எண்ணெய் ஊத்துனது நானு. அடியில நிக்கறதும் நான்தான்” என்று மரத்தைக் கட்டிக்கொண்டார். அவர் தோளில் இருவர், அவர்கள் தோளில் செல்வம். செல்வத்தின் தலையில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று கீழே இருந்தவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். அவனுக்கு மேலே ஏற இன்னும் ஒரு ஆள் வேண்டும். தெம்புள்ளவன் எல்லாம் ஏறி ஏறிக் களைத்துப் படுத்துக் கிடந்தார்கள். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

அப்போது எல்லைக்கல் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தது பூபதி. மாப்பிள்ளையே பெண்ணழைக்க வருவதாவது! பக்கத்தில் அவன் அம்மா வேலம்மாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போனு எடுக்க மாட்டேங்கறீங்க, ஆளும் வரலை” என்று இறங்கும்போதே ஆரம்பித்தாள் வேலம்மாள். “ஒறம்பரைச் சனமெல்லாம் வந்தாச்சு, பந்தியில பொண்ணு எங்கேன்னு கேக்கறாங்க. என்னாச்சு பொன்னாயி? ஏன் எல்லாரும் உமிக்குள்ளே உளுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கறீங்க?”

பொன்னாயி சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடியில் நசுங்கிக்கொண்டிருந்த அப்பாசாமி, “மாப்ளே! கதை அப்பறம் கேக்கலாம். ஏறு!” என்று கத்தினார்.

பூபதி அர்த்தனாரியைப் பார்த்தான். “மொறை மாப்பிள்ளை ஏறலாம்” என்றார் அவர், கேட்பதற்கு முன்பே.

கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையோடு வந்திருந்தான். செருப்பை உதறினான். கோகிலா அவன் பக்கம் ஓடிவந்து, நாளைக்குத் தாலி கட்டப்போகிறவனை முகத்துக்கு நேரே பார்த்து, வெட்கமெல்லாம் இல்லாமல் சொன்னாள்.

“கை ரெண்டுலயும் உமி. எண்ணெய் பட்ட கையால கண்ணைத் தொடாத மாமா. வழுக்குச்சுன்னா புடிக்காதே, உட்டுரு. கீழே தாளு போட்டிருக்குது.”

“இதென்ன எண்ணெய்?”

“அப்பறம் சொல்றேன். மடியக் காட்டு.”

அவன் மடியை விரித்தான். அவள் முறத்தோடு கொட்டினாள். ருக்குமணி அவன் தலையிலும் ஒரு முறம் கொட்டினாள், அது கணக்கில் வராதது.

பூபதி ஆள்மேல் ஆளாக ஏறி, செல்வத்தின் தோளுக்கு வந்து, அங்கிருந்து மரத்தைத் தொட்டான். உமியை அள்ளி அப்பினான், மார்பால் தேய்த்தான், ஒரு முழம் ஏறினான். மறுபடி அப்பினான். குண்டூர் நாட்டுக்காரனும் மரம் ஏறத் தெரிந்தவன்தான் என்று அன்றைக்கு இந்த ஊர் ஒப்புக்கொண்டது. மூட்டைக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது மடியில் உமி தீர்ந்துவிட்டது. முதல் மழைத்துளி தவிலின் மேல் விழுந்தது. பூபதி சறுக்க ஆரம்பித்தான்.

“சட்டை!” என்று கோகிலா தொண்டை கிழியக் கத்தினாள். “சட்டையக் கழட்டித் துடை மாமா! முதுகுப்பக்கம் காஞ்சிருக்குது!”

“புதுச்சட்டைடி!” என்று வேலம்மாள் பதறினாள்.

பூபதி யோசிக்கவே இல்லை. கால்களால் மரத்தை நெரித்துக்கொண்டு, ஒரு கையால் சட்டையை உருவி, மேலே ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்து, அதையே மரத்தில் வளையம் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஓர் எம்பு எம்பினான். மஞ்சள் மூட்டை கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கிய வேகம் ஏறிய வேகத்தைப்போல் பத்து மடங்கு. செல்வம், இருவர், அப்பாசாமி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு தாள்போருக்குள் போய் விழுந்தான். குவியலுக்குள்ளிருந்து மூட்டை பிடித்த கை மட்டும் மேலே நீண்டது.

அப்புறம் பெய்தது மழை. யாரும் ஒதுங்கவில்லை. கொட்டுகிற மழையில் அர்த்தனாரி மூட்டையை அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் பற்றாமல் மூன்று முறை முயன்று, நாலாவது முறை பற்றவைத்து, முதல் காப்பைக் கோகிலாவின் கையிலிருந்து அறுத்தார். பொன்னாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று பக்கத்தில் எல்லாருக்கும் விளக்கமும் சொன்னாள். கோகிலா மட்டும் போகும் முன் எண்ணெய் உமி மூட்டைகளைக் கோயில் ஓட்டுக்கடியில் இழுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, ஒட்டாமல், சணலில் இறுக்கிக் கட்டினாள். வேலம்மாள் வண்டியிலிருந்து, “ஏஞ்சாமி, முகூர்த்தத்துக்காவது வந்துருவியா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை குண்டூர் நாட்டில் மழை விட்டு நல்ல வெயில். சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் மணந்தன. முன்வரிசையில் மைதிலி கையைக் கட்டிக்கொண்டு, கோபமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் செல்வம். தலைமுடி ஒரு பக்கமும் நிற்காமல் நாலாபக்கமும் சரிந்துகொண்டிருந்தது. பூபதி ராத்திரியே அரப்பு, சோப்பு, சாம்பல் என்று எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டான். வேலம்மாளே கூட நின்று தேய்த்துவிட்டாள். எண்ணெய் முக்கால்வாசி போயிருந்தது.

தாலி கட்டி முடிந்தது. மணமக்கள் கைபிடித்துப் பந்தலைச் சுற்றி வரவேண்டும். பூபதி கோகிலாவின் கையைப் பிடித்தான். நழுவிப்போயிற்று. மறுபடி பிடித்தான். மறுபடியும் நழுவியது. பந்தலில் சிரிப்பு எழுந்தது. அவன் காது சிவந்துவிட்டது.

“இறுக்கிப் புடிடா” என்றாள் வேலம்மாள் கவலையோடு. “மொதச் சுத்துலயே கை உடக்கூடாதுடா சாமி.”

“அவரை உடுங்க அத்தை,” என்றாள் கோகிலா. அவன் மணிக்கட்டைச் சேர்த்து, விரல்களைக் கோத்து, இரண்டு கையாலும் பிடித்தாள். “நான் புடிச்சுக்கறேன்.”

அப்படியே பந்தலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.